ஆசிரியர் பேரவை: பல்கலைக்கழகச் சேவை ஒன்றின் மதிப்புரை

எந்தப் பாடத்தை நடத்துவது, எந்தத் தகுதிக்குப் பட்டம் தருவது, யாரைப் பேராசிரியராக அமர்த்துவது என்ற கேள்விகளுக்கு அந்தந்தத் துறையைக் கற்றவர்களே விடை சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது ஆசிரியர் பேரவை. சில பல்கலைக்கழகங்களில் அதைச் செனட் என்கிறார்கள். சிலவற்றில் கல்விக்குழு, சிலவற்றில் ஆசிரியர் மன்றம். பெயர் எதுவானாலும், பணத்தையும் சட்டப் பொறுப்பையும் கையில் வைத்திருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் வகுப்பறைக்கும் நடுவே நின்று கல்வி சார்ந்த முடிவுகளை எடுப்பதோ பரிந்துரைப்பதோ அதன் பணி. நூலகத்தையும் ஆய்வகத்தையும் மதிப்பிடுகிறோம். அவற்றைப் போலவே ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன்பட வேண்டிய இந்த அமைப்பையும் ஒரு சேவையாகக் கொண்டு மதிப்பிடுவது முறை என்று நினைக்கிறேன். துறையின் முன்மொழிவுகளோடு அதன் முன் நின்றும், பின்னர் அதன் குழுக்களில் அமர்ந்தும் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து ஒன்று உண்டு. பேரவையின் மதிப்பை, வெளியார் கண்ணில் படாத அதன் குழுக்களின் வேலையில்தான் தேட வேண்டும். அந்த உழைப்பு வீண்போகாமல் காப்பது, பேரவையின் முடிவை மறுப்பவர்கள் மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்ற ஒரு விதி.

இந்தச் சேவை என்ன தருவதாக ஒப்புக்கொள்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1966-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கமும், அமெரிக்கக் கல்வி மன்றமும், ஆட்சிக்குழுக்களின் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய ஆளுகை அறிக்கை இதைத் தெளிவாக வரையறுக்கிறது. பாடத்திட்டம், பாடப்பொருள், கற்பிக்கும் முறை, ஆய்வு, ஆசிரியர்களின் நியமனமும் பதவி உயர்வும், கல்வியோடு தொடர்புடைய மாணவர் வாழ்க்கை ஆகியவற்றில் முதன்மைப் பொறுப்பு ஆசிரியர்களுடையது என்பது அதன் நிலை. இவற்றில் ஆட்சிக்குழுவோ பல்கலைக்கழகத் தலைவரோ ஆசிரியர்களின் முடிவுக்கு மாறாகச் செல்வது அரிதான சூழலில் மட்டுமே நிகழ வேண்டும், அப்போதும் காரணத்தை ஆசிரியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 1997-இல் யுனெஸ்கோ வெளியிட்ட பரிந்துரை இன்னும் ஒரு படி மேலே சென்று, உயர்கல்வி நிறுவனங்களின் கல்விசார் அமைப்புகளில் பெரும்பான்மைப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியர்களுக்கு இருக்க வேண்டும் என்கிறது. இவை எதுவும் நேற்று முளைத்த கோரிக்கைகள் அல்ல. 1229-இல் நகர அதிகாரத்தோடு ஏற்பட்ட மோதலில் பாரிஸ் ஆசிரியர்கள் பாடம் நடத்துவதை நிறுத்திவிட்டு ஊரைவிட்டே கலைந்து சென்றார்கள். 1231-இல் ஒன்பதாம் கிரிகோரி போப்பாண்டவர் பிறப்பித்த ஆணை, விரிவுரைகளின் முறையையும் நேரத்தையும் அவர்களே வகுத்துக்கொள்ளும் உரிமையையும், நியாயம் மறுக்கப்பட்டால் விரிவுரைகளை நிறுத்தும் உரிமையையும் ஏற்றுக்கொண்டது.

சேவையின் நடைமுறைக்கு வருகிறேன். ஆசிரியர் ஒருவர் பேரவையை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் புதிய பாடம் ஒன்றை முன்மொழியும்போதுதான். துறைக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்று, பாடத்திட்டக் குழுவுக்குச் சென்று, அங்கிருந்து பேரவையின் நிலைக்குழு வழியாகப் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும். இத்தனை படிகள் எதற்கு என்று இளம் ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தப் படிகளில் எழுப்பப்படும் கேள்விகளைக் கவனித்தால் அவற்றின் அருமை விளங்கும். இதே பொருளை வேறு துறை ஏற்கெனவே நடத்துகிறதா? இப்பாடத்துக்கு முன் மாணவர் எதைப் படித்திருக்க வேண்டும், அந்த முன்பாடத்தில் இடம் இருக்கிறதா? முன்மொழிபவர் விடுப்பில் சென்றால் யார் நடத்துவார்? ஆய்வகத்தில் எத்தனை பேர் அமர முடியும்? தேர்வு, பாடத்தின் நோக்கத்தைத்தான் சோதிக்கிறதா? முன்மொழிபவர் தன் பாடத்தின் மீது கொண்ட பற்றினால் காணத் தவறும் இடங்களை, அந்தப் பற்று இல்லாத ஆனால் கற்பிக்கும் தொழில் தெரிந்த சக ஆசிரியர்கள் காண்கிறார்கள். நிர்வாக அலுவலர் ஒருவர், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும், இந்தக் கேள்விகளில் பாதியைக்கூட எழுப்ப முடியாது. ஏனென்றால் அவை வகுப்பறையில் நின்று பாடம் நடத்தித் தடுமாறியவர்களுக்கே தோன்றும் கேள்விகள்.

நான் இருந்த ஒரு குழுவின் முன், மூன்று துறைகள் தனித்தனியாகப் புள்ளியியல் அறிமுகப் பாடம் ஒன்றைக் கொண்டுவந்தன. மூன்றின் பாடப்பொருளும் பெரும்பகுதி ஒன்றே. எடுத்துக்காட்டுகள் மட்டுமே வேறுபட்டன. குழு எதையும் நிராகரிக்கவில்லை. மூன்று துறை ஆசிரியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து, பொதுவான பகுதியைச் சேர்ந்து நடத்தவும், இறுதி வாரங்களில் ஒவ்வொரு துறையும் தன் மாணவர்களுக்குத் தன் தரவுகளைக் கொண்டு பயிற்சி தரவும் ஏற்பாடு செய்தது. மாணவருக்குத் துறை மாறும்போது அதே பாடத்தை மீண்டும் படிக்கும் சுமை நீங்கியது. ஆசிரியர்களுக்கோ தேர்வுத்தாளைத் திருத்திப் பகிர்ந்துகொள்ளத் துணை கிடைத்தது. துறைகளுக்கு மேலே இருந்து ஒருவர் ஆணையிட்டிருந்தால் மூன்று துறைகளும் அதை எதிர்த்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சமமானவர்கள் கேட்டதால் உடன்பட்டார்கள். பாடத்திட்டப் பணியில் இந்தச் சேவைக்கு மாற்று எதுவும் இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

வேகம் குறைவு என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்ட முன்மொழிவு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்வியாண்டின் பாடக் கையேடு அச்சாகிவிட்டால் ஓராண்டே போய்விடும். ஆயினும் தாமதம் இந்த அமைப்பின் இயல்பிலேயே ஊறியது என்று முடிவுகட்டுவது சரியல்ல. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினால் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, மதிப்பெண் தரங்களுக்குப் பதிலாகத் தேர்ச்சி என்றும் தேர்ச்சி இல்லை என்றும் மட்டும் குறிக்கும் முறையைப் பல பல்கலைக்கழகங்களின் ஆசிரியர் அமைப்புகள் மிகக் குறுகிய காலத்தில் விவாதித்து ஏற்றன. அவசரமானவற்றைக் கையாள ஒரு சிறிய நிலைக்குழுவும், புதிய பாடத்தை ஓராண்டுக்குச் சோதனையாக நடத்திப் பார்க்கும் விதியும் இருந்தால், காலதாமதத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும். இவ்விரண்டும் இல்லாத பேரவையில் ஆசிரியர்கள் பொறுமை இழப்பது நியாயமே.

நியமனம், பதவி உயர்வு ஆகியவற்றில் என் மதிப்பீடு சற்றுத் தயக்கம் கலந்தது. வேறு துறைகளைச் சேர்ந்த ஆசிரியர்களும் அமரும் குழு, வெளி வல்லுநர்களின் கடிதங்களைப் பெற்று, ஆய்வையும் கற்பித்தலையும் பார்த்துப் பரிந்துரைக்கும் முறை, ஒரு துறைத் தலைவரின் விருப்பு வெறுப்பிலிருந்து விண்ணப்பதாரரைக் காக்கிறது. அதே முறையில், வெளியார் கடிதங்களின் இரகசியம் விண்ணப்பதாரருக்கு எதிராகவும் திரும்புகிறது. பரிந்துரை மறுக்கப்பட்டவருக்குப் பல இடங்களில் கிடைப்பது ஒரு வரிக் கடிதம் மட்டுமே. எழுதியவர் யார் என்று வெளிப்படாமல், கடிதங்களின் சாரத்தையும் குழுவின் காரணங்களையும் எழுதித் தருவது கடினமான வேலை அல்ல. அதைச் செய்யும் பேரவைகளில் மேல்முறையீடுகள்கூடப் பண்போடு நடப்பதைப் பார்க்கலாம். எதை எதிர்த்து வாதிட வேண்டும் என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கிறது.

ஆட்சிக்குழு பேரவையின் பரிந்துரையை ஏற்காதபோது என்ன நடக்கிறது என்பதுதான் இச்சேவையின் கடினமான சோதனை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் செனட்டுக்கு 1920 முதல் மாணவர் சேர்க்கைக்கான தகுதிகளையும் பாடங்களையும் வகுக்கும் பொறுப்பு உண்டு. சேர்க்கையில் எஸ்ஏடி, ஏசிடி போன்ற பொதுத் தேர்வுகளைத் தொடரலாமா என்று ஆராய அந்தச் செனட் அமைத்த பணிக்குழு, நீண்ட ஆய்வுக்குப் பின் 2020-இன் தொடக்கத்தில் அறிக்கை தந்தது. அத்தேர்வுகளை உடனே கைவிட வேண்டாம் என்ற அந்த நிலையைச் செனட்டின் பிரதிநிதிகள் அவை ஒருமனதாக ஏற்றது. ஆனால் அதே ஆண்டு மே மாதத்தில் ஆட்சிக்குழு அவற்றைக் கட்டம் கட்டமாகக் கைவிடுவதென்று, தானும் ஒருமனதாக, முடிவு செய்தது. இதில் எந்தத் தரப்பு சரி என்பது வேறு விவாதம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, பணிக்குழு தன் தரவுகளையும் ஐயங்களையும் பக்கம் பக்கமாக வெளியிட்டிருந்ததால், முடிவு மாறிய பின்னும் எவரும் அவற்றைப் படித்து எடைபோட முடிகிறது என்பதைத்தான். தோற்ற பரிந்துரையும் பயன்பட்டது.

அதே பல்கலைக்கழகத்தின் முந்தைய வரலாறு இன்னும் கசப்பானது. 1949-இல் ஆசிரியர்கள் கம்யூனிஸ்ட் அல்லர் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும் என ஆட்சிக்குழு விதித்தது. கையொப்பமிட மறுத்தவர்களைச் செனட்டின் உரிமைகள், பணிப்பாதுகாப்புக் குழு தனித்தனியே விசாரித்தது. பெரும்பாலோரைப் பணியில் தொடர விட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1950 ஆகஸ்டில் ஆட்சிக்குழு 31 பேரைப் பணிநீக்கம் செய்தது. 1952-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்னரே, பணிநீக்கத்தை எதிர்த்து வழக்காடியவர்கள் பணிக்குத் திரும்பும் வழி பிறந்தது. குழு தன் கடமையைச் செய்தும் அதன் சொல்லுக்குக் கட்டுப்படுத்தும் வலிமை இல்லாதபோது என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நம்பிக்கையில்லாத் தீர்மானங்களே செய்திகளில் இடம்பெறுகின்றன. ஹார்வர்டின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் 2005 மார்ச்சில் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் மீது 218-க்கு 185 என்ற வாக்கில் நம்பிக்கையின்மையைத் தெரிவித்தார்கள். அது அவரைக் கட்டுப்படுத்தும் தீர்மானம் அல்ல என்றாலும், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் பதவி விலகலை அறிவித்தார். 2012 ஜூனில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, தலைவர் தெரசா சல்லிவனைத் திடீரென விலகவைத்தபோது, ஆசிரியர் செனட் ஆட்சிக்குழுவின் மீதே நம்பிக்கையின்மைத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாதம் 26-ஆம் நாள் அவர் மீண்டும் அமர்த்தப்பட்டார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆசிரியர் அவையான காங்கிரகேஷன், தன் பழைய மாணவியும் பிரதமருமான மார்கரெட் தாட்சருக்குக் கௌரவப் பட்டம் தரும் முன்மொழிவை 1985-இல் 738-க்கு 319 என்ற வாக்கில் நிராகரித்தது. இவை ஆசிரியர்களின் குரலுக்கு வலிமை உண்டு என்று காட்டுகின்றன என்பதை மறுக்கவில்லை. இருப்பினும் ஒரு பேரவையை இத்தகைய நாட்களை வைத்து அளப்பவர்கள், ஆண்டு முழுதும் நடக்கும் அதன் வேலையைத் தவறவிடுகிறார்கள். வர்ஜீனியாவில் செனட் சில நாட்களுக்குள் ஒருங்கிணைந்து பேச முடிந்ததென்றால், அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களும் கூட்ட விதிகளும் முன்னரே இருந்தது காரணம்.

நிதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இச்சேவை மிகக் குறைவாகத் தரும் பகுதி இது. வரவு செலவுத் திட்டம் ஏறக்குறைய முடிவான பின்னரே பேரவையின் நிதிக்குழுவுக்கு வருவதும், உறுப்பினர்கள் அதைப் படித்து முடிக்கும் முன்பே ஒப்புதலுக்கு வைக்கப்படுவதும் பல நிறுவனங்களில் காணும் வழக்கம். ஒரு துறையை மூடுவது நிதி முடிவு என்று சொல்லப்படுகிறது. ஆனால் அந்தத் துறையோடு போவது ஒரு படிப்பு, அதன் ஆசிரியர்கள், பாதி வழியில் நிற்கும் மாணவர்கள் என்பதால் அது முழுக்க முழுக்கக் கல்வி முடிவும் ஆகும். இந்த எல்லைக்கோட்டை எங்கே வரைவது என்பதைப் பேரவையின் விதிகள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால், மற்ற அதிகாரங்கள் எல்லாம் காலப்போக்கில் தேய்ந்துவிடும்.

யாருக்கு வாக்கு என்ற கேள்வியில் என் ஏமாற்றம் ஆழமானது. ஆசிரியர் அவைகள் எப்போதும் முற்போக்கின் பக்கமே நின்றன என்று எண்ணிவிடக் கூடாது. பெண்களுக்குப் பட்டம் தரும் முன்மொழிவை, ஆசிரியர்களோடு பழைய முதுகலைப் பட்டதாரிகளும் வாக்களித்த கேம்பிரிட்ஜின் செனட் 1897-இல் தோற்கடித்தது. 1921-இலும் அவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் முழு உறுப்புரிமை மறுக்கப்பட்டது. 1948-இல்தான் அது கிடைத்தது. உள்ளே இருப்பவர்கள் மட்டும் வாக்களிக்கும் அமைப்பு, வெளியே நிற்பவர்களுக்குக் கதவைத் திறக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளும் என்பதை இது காட்டுகிறது. இன்று அவ்வாறு வெளியே நிற்பவர்கள் ஒப்பந்த ஆசிரியர்களும் பகுதிநேர ஆசிரியர்களும். முதலாண்டு வகுப்புகளை அவர்களே பெருமளவில் நடத்துகிறார்கள். அந்த வகுப்புகளின் பாடத்திட்டத்தைத் திருத்தும் குழுவில் பல இடங்களில் அவர்களுக்கு இருக்கை இல்லை. இருக்கை தந்த இடங்களிலும், குழு வேலைக்கு ஊதியம் இல்லாததால், அடுத்த பருவத்தின் ஒப்பந்தம் உறுதியாகாத ஒருவர் மூத்த பேராசிரியரை எதிர்த்துப் பேச முடியாததால், அந்த இருக்கை பெயரளவில் நின்றுவிடுகிறது. மாணவரையும் பிற பணியாளரையும் சேர்த்துக்கொண்ட அவைகளில் எதிர்ப்பக்கச் சிக்கல், அதாவது பேராசிரியர்களின் வாக்கு சிறுபான்மையாகிவிடும் ஆபத்து, எழுந்தது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் 1973-இல் வழங்கிய தீர்ப்பு, எல்லாத் தரப்பும் அவையில் பங்கேற்கலாம் என்று ஏற்றபின், கற்பித்தல் தொடர்பானவற்றில் பேராசிரியர்களுக்குப் பாதி வாக்கும், ஆய்வு, நியமனம் ஆகியவற்றில் பாதிக்கு மேலும் இருக்க வேண்டும் என்று வகுத்தது. பொருளுக்கு ஏற்ப வாக்கின் எடை மாறலாம் என்ற அந்தக் கருத்தை ஒப்பந்த ஆசிரியர்களின் உரிமைக்கும் விரிக்க முடியும் என்பது என் எண்ணம்: தாம் நடத்தும் பாடங்களைப் பற்றிய முடிவுகளிலேனும் அவர்களுக்கு முழு வாக்கு வேண்டும்.

சேவையின் எதிர்காலம் கவலை தருகிறது. டென்மார்க் 2003-இல் இயற்றிய பல்கலைக்கழகச் சட்டம், வெளியார் பெரும்பான்மை கொண்ட ஆட்சிக்குழுவை மேலே வைத்து, முன்பு தேர்ந்தெடுக்கப்பட்டுவந்த பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டரை நியமிக்கப்படுபவராக மாற்றியது. ஜப்பான் 2014-இல் சட்டத்தைத் திருத்தி, நெடுங்காலமாகத் துறைகளில் முடிவெடுத்துவந்த பேராசிரியர் கூட்டத்தை, தலைவருக்குக் கருத்துச் சொல்லும் இடமாகக் குறுக்கியது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு 2024 ஜூனில் அதிகாரமுள்ள செனட்டைக் கலைத்துவிட்டு ஆலோசனை மட்டும் சொல்லும் அவையை ஏற்படுத்தியது. டெக்சாஸ் மாநிலத்தில் 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் அவையை ஆட்சிக்குழு மட்டுமே அமைக்க முடியும் என்றும், அதன் பணி ஆலோசனை மட்டுமே என்றும், தலைமையேற்பவரை நிறுவனத் தலைவரே நியமிப்பார் என்றும் சொல்கிறது. தன் கூட்டத்துக்குத் தானே தலைவரைத் தேர்ந்தெடுக்க முடியாத ஓர் அவை, நிறுவனத் தலைவர் கேட்க விரும்பாத பொருளை நிகழ்ச்சி நிரலில் எப்படிச் சேர்க்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

இதோடு ஒரு முரண்பாடும் இருக்கிறது. 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், யெஷிவா பல்கலைக்கழக வழக்கில், 5-க்கு 4 என்ற தீர்ப்பில், பாடத்திட்டத்தையும் சேர்க்கையையும் முடிவு செய்யும் அங்குள்ள முழுநேர ஆசிரியர்கள் நிர்வாகிகள் ஆவார்கள் என்றும், ஆகவே சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்தோடு பேரம் பேசத் தொழிலாளர் சட்டம் தரும் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை என்றும் கூறியது. பேரவையின் அதிகாரத்தைக் காரணம் காட்டித் தொழிற்சங்க உரிமை மறுக்கப்படும் இடத்தில், அந்த அதிகாரமே ஆலோசனையாகச் சுருங்கினால், ஆசிரியரின் கையில் இரண்டில் ஒன்றுகூட மிஞ்சாது. எனவே தன் பேரவையின் அதிகாரம் எத்தகையது என்பதைத் துல்லியமாக அறிந்திருப்பது ஒவ்வோர் ஆசிரியருக்கும் தேவை.

பேரவைத் தேர்தலில் நிற்கலாமா என்று கேட்கும் சக ஆசிரியர்களிடம் முதலில் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் தேர்ந்தெடுக்கப்பட்டவரா, துணைவேந்தரா. நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்க எத்தனை உறுப்பினர்களின் கையொப்பம் போதும். கூட்டத்துக்கு எத்தனை நாட்கள் முன்பு ஆவணங்கள் வந்தாக வேண்டும். பேரவையின் முடிவை ஏற்காவிட்டால் எழுத்தில் காரணம் தரும் கடமை ஆட்சிக்குழுவுக்கு இருக்கிறதா. குழு வேலைக்காகக் கற்பிக்கும் நேரம் குறைக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்விக்கு இல்லை என்ற விடை கிடைத்தால், அந்தப் பேரவையின் குழுக்களில் நேரம் மிகுந்தவர்கள் மட்டுமே நீடிப்பார்கள் என்று எதிர்பார்க்கலாம். குழந்தைகளை வளர்ப்போரும், ஆய்வின் தொடக்கத்தில் இருப்போரும் விலகிவிடுவார்கள். அவர்களுக்குத்தான் அங்கே சொல்ல வேண்டியவை அதிகம்.

புதிதாக வந்த ஆசிரியருக்கு நான் பரிந்துரைப்பது பாடத்திட்டக் குழு. அங்கே ஓராண்டு அமர்ந்தவர் தன் பல்கலைக்கழகத்தின் எல்லாத் துறைகளும் என்ன கற்பிக்கின்றன என்று தெரிந்துகொள்வார். முன்மொழிவை எப்படி எழுதினால் நிற்கும் என்பதும் பிடிபடும். நிதிக்குழுவுக்கு, கணக்கைப் படிக்கத் தெரிந்த, பணிப்பாதுகாப்பு உறுதியான மூத்தவர்கள் செல்லட்டும். ஒப்பந்த ஆசிரியர்களுக்கு இன்றைய நிலையில் இச்சேவையை முழு மனதோடு பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. அவர்களுடைய குழு வேலைக்கு ஊதியமும், அவர்கள் நடத்தும் பாடங்களில் வாக்கும் தரும் பேரவை எங்கே இருக்கிறதோ அங்கே தயங்காமல் போட்டியிடலாம்.